மருத்துவமனை ஒப்பந்தத் தொழிலாளர்கள்: வேலைநிறுத்தத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு மருத்துவமனைகளில் வார்டைக் கூட்டித் துடைப்பவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், காவலாளிகள் எனப் பலரும் இன்று காண்ட்ராக்டில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கேட்கும் சம்பளம் நியாயமானது. இருந்தும் போராட்டம் தோற்றுப்போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பெரும்பாலும் காரணம் கோரிக்கையில் இல்லை. வேலையை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான்.

பெரிய தவறு, கணக்குப் பார்க்காமல் "சம்பளம் கம்மி" என்று மட்டும் சொல்வது. ஓர் உதாரணம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். தொழிலாளியின் பங்காக பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90 ரூபாய். இரண்டும் போக 10,470 ரூபாய் கைக்கு வர வேண்டும். 8,640 ரூபாய்தான் வருகிறதா? அப்படியானால் காண்ட்ராக்டர் தன் பையிலிருந்து கட்ட வேண்டிய பி.எஃப். 1,440 ரூபாயையும் இ.எஸ்.ஐ. 390 ரூபாயையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்திருக்கிறார். இதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. "எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை" என்றால் சூப்பர்வைசர் சிரித்துவிட்டுப் போவார். "மாதம் 1,830 ரூபாய் எங்கே போகிறது?" என்று எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

சம்பளச் சீட்டே தருவதில்லை என்பார்கள், உண்மைதான். வங்கிப் பாஸ்புக்கில் வரவு ஏறிய தேதியும் தொகையும் இருக்கும். அதை நகல் எடுங்கள். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் வந்ததா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பி.எஃப். பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று மத்திய அரசின் உமங் செயலியில் பார்க்கலாம். பத்துப் பேருடைய நகல்களைச் சேர்த்து வைத்தாலே மனு பாதி தயார்.

அடுத்தது, எல்லாவற்றையும் டீனிடமே கேட்பது. சம்பளப் பாக்கியும் பிடித்தமும் காண்ட்ராக்டர் பொறுப்பு. அவர் தரவில்லை என்றால் முதன்மை முதலாளியான மருத்துவமனை நிர்வாகம் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. இன்றைய சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. நாள்கூலி விகிதம் டெண்டரில் அடங்கியது, அதை உயர்த்த அரசிடம்தான் போக வேண்டும். பணி நிரந்தரம் இவை இரண்டிலிருந்தும் வேறு. ஒப்பந்த முறையை ஒழித்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார், ஒப்பந்தம் வெறும் போலி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டும் என்று 2001இல் செயில் (இந்திய உருக்கு ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிரூபணம் உங்கள் கையில்தான் இருக்கிறது: டூட்டி போட்டது யார், லீவு கொடுத்தது யார், மெமோவில் கையெழுத்திட்டது யார்? நர்சிங் கண்காணிப்பாளர் கையெழுத்தோடு ஒட்டிய டூட்டிப் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். மாதம் முடிந்ததும் கிழித்துவிடுவார்கள்.

மூன்றாவதாக, ஆத்திரத்தில் காலையில் முடிவெடுத்து அன்றே வாசலில் உட்கார்ந்துவிடுவது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த 60 நாளுக்குள் வேலைநிறுத்தம் தொடங்க வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரி சமரசப் பேச்சைத் தொடங்கிவிட்டால் அது முடிந்து ஏழு நாள் வரை வேலையை நிறுத்தக் கூடாது. பாதிப்பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கேஷுவல் லீவு போட்டாலும் வேலைநிறுத்தமாகவே கருதப்படும். இந்த விதிகள் தொழிலாளிக்குப் பாதகமானவை, அவற்றை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் தெரியாமல் மீறி, தலைமையில் நின்ற நாலு பேர் வேலை இழப்பதை ஏற்க முடியாது. 2003 அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் சுமார் 1,70,000 பேரைத் தமிழக அரசு டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை வைத்து வீட்டுக்கு அனுப்பியது யாருக்கும் மறந்திருக்காது.

இடமும் முக்கியம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்தார்கள். நடைபாதையை விட்டு அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டித்தான் நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கியது. காவல்துறையிடம் அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

நோயாளிகளை மறப்பது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அவசரச் சிகிச்சைப் பிரிவு, ஐ.சி.யூ., பிரசவ வார்டு, டயாலிசிஸ் ஆகிய இடங்களில் யார் யார் டூட்டியில் இருப்பார்கள் என்று பட்டியல் போட்டு, நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.விடம் முன்னதாகவே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு "உங்களால்தான் நோயாளி செத்தார்" என்று யாரும் பழி போட முடியாது. நோயாளியோடு வந்திருக்கும் உறவினர்களிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். அவர்களும் நாள்கூலிக்குப் போகிறவர்கள்தான், புரிந்துகொள்வார்கள்.

இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். தூய்மைப் பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், மேற்கு மாவட்டங்களில் குறிப்பாக அருந்ததியர். வார்டு ஊழியர்களும் காவலாளிகளும் அவர்களோடு சேர்ந்து டீ குடிக்காத இடத்தில் சங்கம் எப்படி நிற்கும்? கூட்டம் போட்டால் பேசுவது ஆண்கள், தரையில் உட்கார்ந்து கேட்பது அந்தப் பெண்கள். பேச்சுவார்த்தைக் குழுவில் அவர்களில் இருவராவது இல்லையென்றால், காண்ட்ராக்டர் காவலாளிக்கு மட்டும் நூறு ரூபாய் ஏற்றிவிட்டுப் போராட்டத்தை உடைத்துவிடுவார்.

கடைசியாக, வாய்மொழி உறுதியை நம்பி வேலைக்குத் திரும்பாதீர்கள். தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் முத்தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். பழைய சங்கத்தார், முந்தைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, "12(3)" என்பது அதைத்தான். போராடியவர் மீது பழிவாங்கல் கூடாது, வேலைநிறுத்த நாட்களை எப்படிக் கணக்கிடுவது, பாக்கி எந்தத் தேதிக்குள் வரும் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். டெண்டர் மாறிப் புதிய காண்ட்ராக்டர் வந்தாலும் இதே ஆட்களைப் பழைய சேவைக்காலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால், பத்து வருடம் வேலை பார்த்தவரிடமும் புதிதாகச் சேர்ந்ததாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.