இங்கிலாந்தில் வீடு வாங்க, விற்க: சொலிசிட்டரைத் தெரிவு செய்வது எப்படி?

ஊரில் காணி வாங்கிப் பழகிய நம்மில் பலருக்கு, நொத்தாரிசிடம் போய் உறுதியில் கையெழுத்து வைப்பதோடு அலுவல் முடிந்துவிடும் என்ற எண்ணம் இலண்டனுக்கு வந்து இருபது வருடம் கழிந்த பின்பும் மாறுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறை வேறு. விலை பேசி முடிந்த பின்பும், ஒப்பந்தம் பரிமாறப்படும் நாள்வரை வாங்குபவரோ விற்பவரோ விலகிக்கொள்ளலாம். அந்த இடைப்பட்ட வாரங்களில் வீட்டின் உரித்தில் என்ன சிக்கல் இருக்கிறது, பின்னால் கட்டிய அறைக்கு அனுமதி இருக்கிறதா என்றெல்லாம் துருவிப் பார்க்கவேண்டிய பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவருடையது. அதை அவருக்காகச் செய்பவர் அவருடைய சொலிசிட்டர். விற்பவருக்கு வேறொரு சொலிசிட்டர் இருப்பார். ஸ்கொட்லாந்தின் சட்டம் முற்றிலும் தனியானது என்பதால், அங்கு வாங்குபவர்களுக்கு இக்கட்டுரை பொருந்தாது.

சொலிசிட்டரைத் தேடவேண்டிய நேரம், வீடு பார்க்கத் தொடங்கும் நேரமே. விலை ஒத்துக்கொள்ளப்பட்ட அன்றே வீட்டு முகவர் தொலைபேசியில் அழைத்து உங்கள் சொலிசிட்டர் யார் என்று கேட்பார். பதில் இல்லையென்றால் தமக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். அந்தப் பரிந்துரைக்கு முகவருக்குப் பணம் கிடைப்பது இங்கு வழமை. அதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. ஆனால் எவ்வளவு பணம் கைமாறுகிறது என்பதை உங்களுக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும். முகவர் காட்டும் சொலிசிட்டரைத்தான் வைத்துக்கொள்ளவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. முன்கூட்டியே இரண்டு மூன்று அலுவலகங்களோடு பேசி வைத்திருப்பவருக்கு இந்த அவசரம் வராது.

இந்த வேலையைச் செய்ய உரிமையுள்ளவர்களில் முக்கியமானவர்கள் இரு வகையினர். சொலிசிட்டர்களை எஸ்.ஆர்.ஏ. என்னும் அமைப்பு மேற்பார்வை செய்கிறது. வீட்டுக் கைமாற்றத்துக்கென்றே பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய ‘லைசென்ஸ்ட் கன்வேயன்சர்’களை சி.எல்.சி. என்னும் அமைப்பு மேற்பார்வை செய்கிறது. சாதாரண வீடொன்றுக்கு இருவரில் யாரும் போதும். விவாகரத்து, மரணசாதனம் போன்றவை வீட்டோடு சேர்ந்து வருமானால் சொலிசிட்டர் அலுவலகமே நல்லது. இரு அமைப்புகளின் இணையத்தளங்களிலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வீட்டுக் கைமாற்ற வேலைக்குச் சொலிசிட்டர் சங்கம் வழங்கும் சி.கியூ.எஸ். தரச்சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். இவற்றை விடவும் முக்கியமானது, உங்களுக்குக் கடன் தரும் வங்கியின் பட்டியலில் அந்த அலுவலகம் இருக்கவேண்டும் என்பது. இல்லாவிட்டால் வங்கி தனக்கென்று வேறொரு சட்டத்தரணியை வைக்க, அந்தச் செலவும் தாமதமும் உங்கள் தலையில் விழும்.

அலுவலகம் பக்கத்திலேயே இருக்கவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 1990 டிசம்பரிலிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் வீடு விற்கப்படும்போது உரித்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், பெரும்பாலான வீடுகளின் உரித்து நிலப் பதிவகத்தில் மின்வடிவில் கிடைக்கிறது; ஆகவே தொலைவு ஒரு தடையல்ல. ஆயினும் உள்ளூர் அலுவலகத்துக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, அந்தப் பகுதியின் குணம் தெரிந்திருப்பது. கோர்ன்வாலில் பழைய தகரச் சுரங்கம், டர்ஹாமில் நிலக்கரிச் சுரங்கம், செஷயரில் உப்புநீர் எடுத்ததால் தாழ்ந்த நிலம், வட இலண்டனின் களிமண்ணில் அசையும் அத்திவாரம் என ஒவ்வோர் இடத்திலும் கேட்கவேண்டிய கேள்வி வேறாக இருக்கும். மற்றது, கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய் மேசைக்கு முன்னால் இருந்து பேச முடிவது. ஆங்கிலத்தில் சட்டக் கடிதம் வாசிக்கத் தயங்கும் பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

அப்படியானால் தமிழ் பேசும் சொலிசிட்டரே போதாதா என்ற கேள்வி தொடர்ந்து வரும். ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ இருப்பவர்களுக்கு அவர்களைத் தேடி அலையவேண்டியதில்லை; சாட்சிக் கையெழுத்து, சீதனம், சீட்டு என்றால் என்னவென்று விளக்கவேண்டியதுமில்லை. ஆனால் குடிவரவு வழக்குகளில் பேர்பெற்ற ஒருவர் வீட்டு அலுவலிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று எண்ணக்கூடாது. கடந்த ஆண்டில் எத்தனை வீடு முடித்தீர்கள், அவற்றில் லீஸ்ஹோல்ட் (நிலம் இன்னொருவருடையதாக இருக்க, நீண்ட குத்தகையில் வாங்கும் வீடு) எத்தனை என்று தயக்கமின்றிக் கேட்கலாம். தெரிந்தவர், உறவுக்காரர் என்று போய்விட்டு, தாமதமாகும்போது முகத்தாட்சண்யத்தால் வாய் திறக்க முடியாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டணத்துக்கு வருவோம். 2018 டிசம்பரிலிருந்து, வீட்டுக் கைமாற்றம் செய்யும் சொலிசிட்டர் நிறுவனங்கள் தம் விலை விபரத்தை வெளியிடவேண்டும் என்பது விதி. இருந்தும் தலைப்பில் நிற்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் ஏராளம். தொடர்மாடி வீடொன்றை வாங்கப் போனபோது என் மேசையில் இரண்டு மதிப்பீட்டுத் தாள்கள் இருந்தன. ஒன்றில் 695 பவுண் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் லீஸ்ஹோல்டுக்கு 300, பணம் அன்பளிப்புச் செய்யும் இருவருக்கும் தலா 75, முத்திரை வரிப் படிவத்துக்கு 95, வங்கி அனுப்பீட்டுக்கு 45 என்று சிறிய எழுத்தில் ஏறிக்கொண்டே போய், 20 வீத வாட் வரியுடன் 1,542 பவுணில் முடிந்தது. மற்றத் தாளில் எல்லாம் சேர்த்து 1,200 பவுண், வாட் வரியுடன் 1,440. நான் பார்த்தவுடன் தள்ளிவைத்த ‘விலை கூடிய’ அலுவலகம்தான் 102 பவுண் மலிவு. தேடுதல் கட்டணம் (வீட்டைப் பற்றிக் கவுன்சில் முதலியவற்றிடம் விசாரிக்கும் செலவு), பதிவகக் கட்டணம், வரி ஆகியவை யாரிடம் போனாலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒப்பிடவேண்டியது சொலிசிட்டரின் சொந்தக் கட்டணத்தை. அதுவும் மேலதிகங்கள் எல்லாவற்றையும் கூட்டிய பிறகு. அலுவல் இடையில் முறிந்தால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மேலாக நான் பார்ப்பது, கோப்பு யார் கையில் இருக்கும் என்பதைத்தான். என் முதல் வீட்டுக்கு, விலையை மட்டும் பார்த்துத் தூர நகரமொன்றிலிருந்த அலுவலகத்தை வைத்தேன். நான்கு மாதங்களில் என் கோப்பு மூன்று பேரிடம் மாறியது. மூவரும் அதே வங்கிக் கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதன்பின் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சம்மதம் சொல்வதற்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுத்து, என் கோப்பை நாளாந்தம் பார்ப்பவரோடு பேசவேண்டும் என்று கேட்பேன். அவருடைய பெயரைச் சொல்லி இணைப்புக் கொடுத்தால் நல்லது. அன்றே திருப்பி அழைத்தாலும் நல்லது. புதிய வாடிக்கையாளர் பிரிவுக்கு மட்டுமே இணைப்புக் கிடைத்தால், கையெழுத்திட்ட பிறகு அதுவும் கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

நம்மவர்களின் கோப்புகள் அதிகம் இழுபடுவது பணத்தின் மூலத்தில். பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி, முற்பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சொலிசிட்டர் ஆதாரம் பார்த்தே ஆகவேண்டும். கனடாவிலுள்ள அக்கா அனுப்பும் பணத்துக்கு அவருடைய அடையாள ஆவணமும் வங்கிக் கூற்றும், இது கடனல்ல, வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்ற கடிதமும் கேட்கப்படும். அது உண்மையில் திருப்பித் தரவேண்டிய கடனாக இருந்தால் அன்பளிப்பு என்று எழுதுவது மோசடி. வங்கிக்கு உள்ளதைச் சொல்லவேண்டும். சீட்டு எடுத்த காசுதான் மிகவும் சிக்கலானது. பதினைந்து பேர் கையெழுத்தில்லாமல் நம்பிக்கையில் நடத்திய சீட்டுக்கு எந்த ஆதாரத்தைக் காட்டுவது? வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், மாதக் கட்டுப்பணமும் எடுத்த தொகையும் வங்கி வழியாகவே போய்வரும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்வதுதான் வழி. சொலிசிட்டரைத் தெரிவு செய்யும்போதே, “என் முற்பணத்தில் பாதி இப்படி வருகிறது, என்னென்ன கேட்பீர்கள்?” என்று விசாரியுங்கள். முதல் நாளே பட்டியல் தருபவர் வேலை தெரிந்தவர். பிறகு பார்க்கலாம் என்பவர், பரிமாற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் உங்களைத் தூங்கவிடமாட்டார்.

ஊரிலுள்ள சொத்தைப் பற்றி அவர் தானாகவே கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் முதல்முறை வாங்கும் தம்பதி, 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விகிதப்படி, 450,000 பவுண் வீட்டுக்கு 7,500 பவுண் முத்திரை வரி கட்டினால் போதும். ஆனால் மனைவியின் பெயரில் யாழ்ப்பாணத்தில் சீதன வீடு ஒன்று இருந்து, இருவர் பெயரிலும் இங்கே வாங்கினால், உலகில் எங்கு வீடு இருந்தாலும் கணக்கில் சேரும் என்பதால் சலுகை போய்விடும். வரி 12,500 ஆகும். அந்தச் சீதன வீட்டில் அவருடைய பங்கு 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் பெறுமதியானால், பொதுவாக மேலதிகமாக 5 வீதமும் சேர்ந்து 35,000 பவுணாகும். வேல்சில் இந்த வரியே வேறு. படிவத்தில் ஆம், இல்லை என்று குறியிடச் சொல்லிவிட்டுப் போகும் அலுவலகம் இதைப் பிடிக்காது. இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பவர் பிடிப்பார்.

லீஸ்ஹோல்ட் வீடென்றால், குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம், நிலவாடகை எப்படி ஏறும், பராமரிப்புக் கட்டணத்தில் பெரிய திருத்த வேலை ஏதும் வரவிருக்கிறதா, உயர்ந்த கட்டடமானால் வெளிச்சுவரின் தீப் பாதுகாப்புக்கு என்ன பத்திரம் இருக்கிறது என்பவற்றை எளிய மொழியில் எழுதித் தரும் ஒருவர் தேவை. சகோதரர்கள் சமமில்லாத பங்கு போட்டு வாங்கினால், பங்கைக் குறிக்கும் பத்திரத்தையும் அவரே எழுதவேண்டும்.

விற்பவர்கள் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்ட அன்றே சொலிசிட்டரை நியமிப்பது நல்லது. வீட்டு விபரப் படிவங்கள் இரண்டையும் ஆறுதலாக நிரப்பலாம். தொடர்மாடியானால் முகாமை நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய தகவல் கோவையைக் கேட்டு வைக்கலாம். 2002 ஏப்ரலுக்குப் பின் யன்னல் மாற்றியிருந்தால் சான்றிதழைத் தேடுங்கள். பின்பக்கம் அறை கட்டியதற்குக் கட்டட விதிச் சான்று இல்லையென்றால், முதலில் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். அப்படிச் செய்தால், இதற்கென்று எடுக்கக்கூடிய இழப்பீட்டுக் காப்புறுதி கிடைக்காமல் போகலாம். இந்த எச்சரிக்கையை முதல் சந்திப்பிலேயே சொல்லும் சொலிசிட்டரை விட்டுவிடாதீர்கள்.

பணம் அனுப்பும் நாளுக்கு முன், அலுவலகத்தின் வங்கிக் கணக்கு இலக்கத்தை அவர்கள் முதன்முதலில் தந்த கடிதத்திலுள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து உறுதிப்படுத்துங்கள். கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் அது பெரும்பாலும் திருடனுடையது. முறைப்பாடு இருந்தால் முதலில் அலுவலகத்துக்கே எழுதவேண்டும். எட்டு வாரத்தில் திருப்தியான பதில் வராவிட்டால் சட்ட ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம்.

சாவி கையில் வந்த பின்பும் சொலிசிட்டருக்கு வேலை உண்டு: 14 நாட்களுக்குள் முத்திரை வரிப் படிவம், அதன்பின் உரித்துப் பதிவு. பதிவு முடிந்ததும் பிரதியைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயரைக் கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தந்தையின் பெயர் குடும்பப் பெயராகவும், சொந்தப் பெயர் நடுப்பெயராகவும் மாறிக் கிடக்கும் கோப்புகள் நம்மிடையே அதிகம். அப்போதே எழுதிக் கேட்டால் ஒரு கடிதத்தோடு போகும் திருத்தம், பத்து வருடம் கழித்து விற்கப் போகையில் சத்தியக் கடதாசியில் வந்து நிற்கும்.