செயற்கை இழை கலந்த கான்கிரீட்: வாளியும் மணலும் கொண்டு ஒரு சோதனை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் நிற்கும் முற்றங்களில் தரை போடும்போது, நண்பகல் வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பின் ஈரம் விரைந்து வற்றி, கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே மெல்லிய விரிசல்கள் ஓடிவிடுவதுண்டு. அதற்குப் பாலிப்ரோப்பிலின் என்ற பிளாஸ்டிக்கால் ஆன இழை நல்ல மருந்து. ஆனால் "இழை போட்டால் பலம் கூடுமா?" என்று கேட்பவர்கள், எந்தப் பலம் என்பதைக் கைப்படச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் 600 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனத்தில் ஆறு கான்கிரீட் பலகைகளை வார்ப்பதற்கான அச்சுகளைச் செய்து எண்ணெய் தடவுங்கள். அச்சு மெல்லியது என்பதால் கல் வேண்டாம். எடைக்கணக்கில் சிமெண்டு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, தண்ணீர் சிமெண்டின் எடையில் பாதி போதும். கையுறை அவசியம்; ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும்.

மூன்று பலகைகளை இழையின்றி வார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றுக்கும் வேண்டிய 5 லிட்டர் கலவையில், 40 மி.மீ. நீளமுள்ள தடித்த இழையை, கன மீட்டருக்கு 4.5 கிலோ என்ற அளவில், அதாவது 22.5 கிராம், சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் பந்துபோல் சுருண்டுவிடும். இழை சேர்ந்ததும் கலவை கெட்டியாகத் தோன்றும். அப்போது தண்ணீர் ஊற்றினால் சோதனையே கெட்டுவிடும், ஆகவே நன்றாகக் குத்தி இறுக்குவதே சரி. ஈரச் சாக்கு போர்த்தி 28 நாள் காத்திருங்கள்.

பிறகு 500 மி.மீ. இடைவெளியில் இரு செங்கல் அடுக்குகளின்மேல் பலகையை வைத்து, தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் நிற்குமாறு வாளியை நடுவில் தொங்கவிட்டு, மணலை மெல்லச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இழையற்ற பலகை சட்டென்று இரண்டாக ஒடியும். இழையுள்ளதும் ஏறத்தாழ அதே எடையில்தான் விரிசல் விடும், ஏனெனில் கான்கிரீட்டின் மீள்குணகம் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு) சுமார் 30 ஜிகா பாஸ்கல், இந்த இழைகளுடையது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விரிசல் விழும்வரை இழைக்குப் பெரிதாகச் சுமை வந்து சேர்வதில்லை. விழுந்த பின்னரே அது இரு பக்கங்களையும் இழுத்துப் பிடிக்கிறது. கயிற்றைச் சுருக்கி, மணலைக் குறைத்து மீண்டும் தொங்கவிட்டால், விரிசல் விட்ட பலகை இன்னும் எவ்வளவு தாங்குகிறது என்று தெரியும். இழையின் மெய்யான பயன் அந்த எடைதான்.

கனசதுரத்தை நசுக்கிப் பார்க்கும் அமுக்கச் சோதனையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வெயில் விரிசலுக்கு மட்டுமென்றால் மெல்லிழை, கன மீட்டருக்கு 0.9 கிலோ அளவில் போதும். தூணிலும் உத்திரத்திலும் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டு இழையை நம்பக் கூடாது.