பலப் பயிற்சிக்கு ஒரு கொப்பி: சோதனைக்குப் படித்துக்கொண்டே பதிவு வைக்கும் என் முறை

போன ஆவணியில் ஒரு காலை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் விற்கிற ஐயாவின் தராசில், ஜிம்மில் பாவிக்கிற நாலு இரும்பு பிளேற்றுகளை ஒவ்வொன்றாக வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேன். "பிள்ளை, இது கிலோ என்ன விலை?" என்று கேட்டார். நாலிலும் 10 என்றுதான் பொறித்திருந்தது. தராசு காட்டியதோ 9.2, 9.5, 10.3, 9.6. பிளேற்றுகளை மாட்டித் தூக்குகிற நீளக் கம்பியான பாரைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாதே. அதை ஜிம்மிலேயே பிடித்துக்கொண்டு எடை பார்க்கும் மெசினில் ஏறி நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். 20 கிலோ என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த பார் 14.5 கிலோ.

கூட்டிப் பாருங்கள். 60 கிலோ ஸ்குவாற் (பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது) என்று ஏழு மாதமாக நான் எழுதிவந்தது உண்மையில் 53.1 கிலோ. இது எனக்குத் தெரியவந்ததே வேறொரு ஜிம்மில் சரியான 20 கிலோ பாரில் 60 போட்டு, கீழே போய், எழும்ப முடியாமல் பாதுகாப்புக் கம்பியில் விட்டுவிட்டு நின்றபோதுதான்.

ஆகவே முதல் வேலை: நீங்கள் பாவிக்கிற பாரையும் பிளேற்றுகளையும் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். ஜிம்காரரிடம் கேட்டுவிட்டு ஒவ்வொரு பிளேற்றின் ஓரத்திலும் நகப்பூச்சால் உண்மையான எடையை எழுதினேன். சிவப்பு நகப்பூச்சு வியர்வைக்கும் அழியவில்லை. ஒரே ஜிம்மில் ஒரே பாரில் செய்யும்வரை பிழையான எண்ணும் ஒப்பிடுவதற்கு உதவும் என்பது சரிதான். ஆனால் 9.2, 9.5 இரண்டும் ஒரு பக்கத்திலும் மற்ற இரண்டும் மறுபக்கத்திலும் போனால் 1.2 கிலோ வித்தியாசம். என் இடது இடுப்பு ஏன் முறுகியது என்று ஒரு மாதம் யோசித்தது அதனால்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பின்னேரம் 2 மணிவரை மருந்துக்கடையில் வேலை. பெண்களுக்கான நேரம் 3 முதல் 5 என்பதால் தகரக் கூரைக்குக் கீழ் அந்த வெக்கையில்தான் பயிற்சி. இரவில், உடற்பயிற்சிப் பயிற்றுநர் சான்றிதழுக்கான படிப்பு. புத்தகம் முழுக்க ஆங்கிலம். ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்த எனக்கு ஒரு பக்கம் விளங்க அரை மணித்தியாலம் பிடித்தது. பயிற்சிக்கு ஒரு கொப்பி, படிப்புக்கு ஒரு கொப்பி என்று இருந்ததை ஒன்றாக்கிய பிறகுதான் இரண்டும் அசையத் தொடங்கின.

எண்பது பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். போனில் செயலிகள் இருக்கின்றன, நல்லவையும் இருக்கின்றன. ஆனால் செற்றுக்கு (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு) நடுவில் போனை எடுத்தால் நான் வாட்ஸ்அப்பில்தான் போய் நிற்பேன். கொப்பியை விரித்தால் இடது பக்கம் அன்றைய பயிற்சி, வலது பக்கம் அன்று இரவு படித்தது. வலது பக்கத்தில் எழுதுகிற ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் உதாரணம் இடது பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பது நானே எனக்குப் போட்ட சட்டம்.

இடது பக்கம் இப்படி இருக்கும்:

"செவ்வாய், 3.20. நித்திரை 6 மணி. சாப்பாடு 12.30, சோறு, பருப்பு, முட்டை 2. கரண்ட் இல்லை, ஃபான் இல்லை. ஸ்குவாற்: பார் மட்டும் × 8, 35 × 5, 45 × 3, பிறகு 52.5 × 5, 52.5 × 5, 52.5 × 5. இடைவெளி 3 நிமிடம். கையிருப்பு 3, 3, 2. மூன்றாம் செற்றில் நாலாவது றெப்பில் குதி எழும்பியது."

35 × 5 என்றால் 35 கிலோவை ஐந்து றெப், அதாவது ஐந்து முறை, தூக்குவது. இதில் பலரும் எழுதாமல் விடுவது மூன்று: இடைவெளி, கையிருப்பு, கடைசி வரி.

கையிருப்பு என்பது நான் வைத்த பெயர். செற்றை முடித்து பாரை வைக்கும்போது, இன்னும் எத்தனை றெப் ஒழுங்காகச் செய்திருப்பேன் என்பதுதான் அது. எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைப் பத்துக்குள் சொல்கிற ஆர்.பி.ஈ. அளவும் இதுதான், மறுபக்கமாக: கையிருப்பு 0 என்றால் ஆர்.பி.ஈ. 10, கையிருப்பு 2 என்றால் 8. சுவீடன் உளவியலாளர் போர்க் அமைத்த பழைய அளவு 6 இலிருந்து 20 வரை போகும். சோதனையில் இரண்டையும் குழப்பிக் கேள்வி வரலாம் என்பதால் வலது பக்கத்தில் இரண்டையும் அருகருகே எழுதி வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் கையிருப்பை எல்லோரும் பிழையாகத்தான் சொல்வோம். நான் 2 என்று எழுதிய இடத்தில் உண்மையில் 5 இருந்தது. இதைச் சரிபார்க்க நாலு கிழமைக்கு ஒருமுறை, விழுந்தாலும் ஆபத்தில்லாத ஒன்றில், உதாரணமாகக் காலால் எடையைத் தள்ளுகிற லெக் பிரஸ் மெசினில், கடைசிச் செற்றை முடியாமல் போகும்வரை செய்து பாருங்கள். ஸ்குவாற்றில் வேண்டாம்.

இந்த ஒரு எண் தெரிந்தால் அதிகபட்ச எடைக் கணக்கும், அதாவது ஒரே ஒரு முறை எவ்வளவு தூக்க முடியும் என்ற கணக்கும், விளங்கும். முதலில் எப்லி சூத்திரம்: தூக்கிய எடை × (1 + றெப் ÷ 30). 60 கிலோவை 5 முறை தூக்கினால் 60 × 1.1667, அதாவது 70. பிரிஸ்கி சூத்திரத்தில் எடை × 36 ÷ (37 − றெப்). அதே 60க்கு 67.5 வரும். பத்து றெப்பில் இரண்டும் 80 என்று ஒன்றாகச் சந்திக்கும், அதற்கு மேல் விலகத் தொடங்கும். பத்தைத் தாண்டிய செற்றை வைத்து நான் கணக்குப் பார்ப்பதே இல்லை. எந்தச் சூத்திரம் சரி என்று சண்டை பிடிப்பதில் பலன் இல்லை. ஒன்றைப் பிடித்தால் அதையே கடைசிவரை பாவியுங்கள். இந்த மாதம் பிரிஸ்கி, அடுத்த மாதம் எப்லி என்று மாறினால் ஒன்றும் தூக்காமலே இரண்டரைக் கிலோ "முன்னேறி" விடுவீர்கள்.

ஒரு விஷயம் எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. இந்தச் சூத்திரங்கள், இனி ஒரு றெப்பும் முடியாது என்ற நிலையில் நின்ற செற்றுக்கானவை. 60 × 5 செய்து கையிருப்பு 2 என்றால் அதை 7 றெப்பாக எண்ணவேண்டும். அப்போது 74 வரும். கையிருப்பு எழுதாதவருக்கு இந்த நாலு கிலோ எங்கே போனது என்று தெரியாது.

எப்போது எடை கூட்டுவது? அமெரிக்காவின் பலப் பயிற்சிச் சங்கமான என்.எஸ்.சி.ஏ. சொல்லிக்கொடுக்கிற "இரண்டுக்கு இரண்டு" விதியை நான் பின்பற்றுகிறேன். கடைசிச் செற்றில் குறித்த அளவைவிட இரண்டு றெப் கூடுதலாகச் செய்ய முடிந்து, அடுத்தடுத்த இரண்டு பயிற்சிகளிலும் அப்படியே நடந்தால் எடையைக் கூட்டலாம். கொப்பியில் அந்த இரண்டு நாளையும் வட்டம் போட்டு ஒரு கோட்டால் இணைப்பேன். கோடு விழாமல் பிளேற்றைத் தொடக்கூடாது.

எங்கள் ஜிம்மில் பிரச்சினை வேறு. ஆகச் சின்ன பிளேற் 2.5 கிலோ, இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. ஸ்குவாற்றுக்குச் சமாளிக்கலாம், தோளுக்கு மேல் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்கு அது மலை. கனடாவில் இருக்கிற மச்சாள் வரும்போது அரைக்கிலோ பிளேற் இரண்டு கொண்டுவரச் சொன்னேன். "எல்லாரும் சென்ற் கேப்பினம், நீ இரும்பு கேக்கிறாய்" என்று சிரித்தாள். அவள் வரும்வரை தடித்த துணியில் இரண்டு பை தைத்து, அரைக்கிலோ மணல் நிறுத்துப் போட்டு, பாரின் இரு முனையிலும் இறுக்கிக் கட்டினேன். பார்க்க வடிவாக இல்லை, ஆனால் 22.5 இலிருந்து 23.5க்குப் போக முடிந்தது. அதுவும் கிடைக்காவிட்டால் எடையை அப்படியே வைத்து றெப்பைக் கூட்டுங்கள்: 3 × 8 (மூன்று செற், ஒவ்வொன்றிலும் 8 றெப்) இலிருந்து 3 × 12 வரை போய்விட்டு, பிறகு எடையைக் கூட்டி மறுபடி 8.

இனி என் பெரிய பிழை. மூன்று மாதம் ஸ்குவாற் எண் கிழமைக்குக் கிழமை கூடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருநாள் கூடப் பயிற்சி செய்கிற அக்கா பக்கவாட்டில் வீடியோ எடுத்துத் தந்தார். முதல் மாத வீடியோவில் தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக இறங்கியிருந்தது. இப்போதையதில் கதிரையில் உட்காரப் போனவள் பாதியில் மனம் மாறியதுபோல இருந்தது. எடை கூடக் கூட ஆழம் குறைந்திருக்கிறது. பலம் எவ்வளவு கூடியது, எவ்வளவு ஆழக் குறைவு என்று பிரிக்க அந்த மூன்று மாதக் கொப்பியால் முடியவில்லை. அதற்குப் பிறகு பின்னால் ஒரு பெட்டி வைத்து, அதில் தொட்டால்தான் றெப்பை எண்ணுகிறேன். பெட்டியின் உயரம் 38 சென்ரிமீற்றர் என்பது கொப்பியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒரு வீடியோ, எப்போதும் அதே தூணுக்குப் பக்கத்தில் போனைச் சாத்தி.

படிப்புப் பக்கத்துக்கு வருவோம். என்.எஸ்.சி.ஏ. அட்டவணையை மனப்பாடம் செய்ய நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பலத்துக்கு அதிகபட்ச எடையில் 85 வீதமும் அதற்கு மேலும், 6 அல்லது குறைவான றெப், ஓய்வு 2 முதல் 5 நிமிடம். தசை வளர்ச்சிக்கு 67 முதல் 85 வீதம், 6 முதல் 12 றெப், ஓய்வு அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம். தாங்குதிறனுக்கு 67 வீதமும் அதற்குக் கீழும், 12 அல்லது கூடுதலான றெப், ஓய்வு அரை நிமிடம் அல்லது குறைவு. ஒவ்வொரு நாளும் இடது பக்கத்தில் உள்ள செற்றுகள் இந்த மூன்றில் எந்த வரியில் விழுகின்றன என்று வலது பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். இரண்டு கிழமையில் தானாக ஏறிவிட்டது. கூடவே ஒரு உண்மையும் வெளியே வந்தது: தசை வளர்ச்சி நாளில் என் ஓய்வு 4 நிமிடம், காரணம் கதை. ஓய்வு நீண்டால் தசை வளராது என்றில்லை, பிற்கால ஆய்வுகள் நீண்ட ஓய்வுக்கும் சாதகமாகத்தான் இருக்கின்றன. ஆனால் சோதனையில் புத்தகம் சொல்வதையே எழுதவேண்டும்.

செற் × றெப் × எடை என்ற மொத்தக் கணக்கையும் எழுதலாம், ஆனால் அதிகம் நம்பவேண்டாம். 3 × 5 × 60 என்றால் 900. 3 × 10 × 45 என்றால் 1350. இரண்டாவது நாளில் நான் பலசாலியாகிவிடவில்லை. ஒரே பயிற்சியை, ஒரே றெப் அளவில், கிழமைக்குக் கிழமை பார்க்க மட்டும் அது உதவும்.

மீளும் தன்மை, அதாவது பயிற்சியை நிறுத்தினால் பெற்ற பலம் குறையும் என்ற பாடத்துக்கு உதாரணம் தேடவே வேண்டியிருக்கவில்லை. மார்கழியில் டெங்கு வந்து மூன்று கிழமை படுக்கை. திரும்பி வந்தபோது பழைய எடையில் பத்தில் ஏழு பங்கிலிருந்து தொடங்கினேன், ஐந்து கிழமையில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். முதல்முறை அங்கே போக நாலு மாதம் எடுத்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் இரண்டு மாதத்தில் எண் பாய்வது பெரும்பாலும் நரம்பு மண்டலம் பழகுவதால்தான், தசை பெருத்ததால் அல்ல என்ற பாடத்துக்கும் உதாரணம் கொப்பியிலேயே இருந்தது: ஸ்குவாற் பாய்ந்த அந்த இரண்டு மாதத்திலும் தொடை அளவு அசையவே இல்லை.

உடல் எடையைக் கிழமையில் மூன்று காலை பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு நாள் எண்ணில் அர்த்தம் இல்லை. முதல்நாள் இரவு கூழ் குடித்தால் அடுத்த காலை எனக்கு ஒரு கிலோ கூடும், அது உப்பும் நீரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் சைவம். மீனும் முட்டையும் இல்லாத அந்த நாட்களில் கடலையும் பயறும் தயிரும் எவ்வளவு என்று தனியாக எழுதுவேன், இல்லாவிட்டால் பிறகு எண் அசையாததற்குக் காரணம் தெரியாது. மாதவிடாயின் எத்தனையாம் நாள் என்பதையும் மேல் மூலையில் ஒரு எண்ணாகப் போடுகிறேன். என் கொப்பியில் முதல் இரண்டு நாளும் கையிருப்பு ஒன்று குறைகிறது. உங்களுக்கு எப்படி என்று உங்கள் கொப்பிதான் சொல்லும்.

மாதிரிச் சோதனைக்கு முந்திய மூன்று கிழமை இரவு ஒரு மணிவரை படித்தேன். ஸ்குவாற் எடை மாறவே இல்லை, 57.5. ஆனால் கையிருப்பு நிரல் 3, 2, 1, 0 என்று இறங்கியிருந்தது. எடையை மட்டும் எழுதியிருந்தால் எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் நினைத்திருப்பேன். அன்றிரவு படித்த பாடமும், உடல் அழுத்தத்தை ஆராய்ந்த ஹான்ஸ் செலியே 1936இல் எழுதியதுதான்: உடல் முதலில் அதிர்ந்து, பிறகு தாக்குப்பிடித்து, சுமை ஓயாவிட்டால் களைத்துப்போகும். ஒரு கிழமைக்குச் செற்றுகளைப் பாதியாக்கி, பதினொரு மணிக்கே படுத்தேன். அடுத்த கிழமை அதே 57.5இல் கையிருப்பு மறுபடி 3.

நாலு கிழமைக்கு ஒருமுறை, பள்ளிக்கூடத்துக் கணக்குப் பாட வரைபுத் தாளில் நாலே நாலு பயிற்சிக்குப் புள்ளி வைக்கிறேன். அதற்கு மேல் வைத்தால் படம் கீறுவதே வேலையாகிவிடும்.

கொப்பி சரியா என்று பார்க்க, அதை வேறொருவரிடம் கொடுத்து "நாளைக்கு எனக்கு என்ன பயிற்சி?" என்று கேளுங்கள். அவர் உங்களிடம் ஒன்றும் கேட்காமல் சொல்லிவிட்டால் சரி. எழுத்துச் சோதனைக்கும் இதே பழக்கம் உதவும், அங்கே வாடிக்கையாளர் ஒருவரின் விவரத்தைத் தந்து அடுத்த கட்டம் என்ன என்றுதான் கேட்பார்கள்.

இப்போது சித்திக்கும் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறேன். வயது 54. டொக்டரிடம் கேட்டுவிட்டு, கதிரையில் இருந்து எழும்புவது 3 × 8, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 3 × 6. ஆறாம் நாள் பக்கத்தைத் திறந்தால் சித்தியே எழுதியிருந்தார்: "இண்டைக்கு ஏலாது. கலியாண வீடு." கீழே தேதியை மட்டும் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.