கழுத்து டாப்ளரில் "அடைப்பு" என்று வந்திருக்கிறதா? ஆபத்து எவ்வளவு என்று பார்ப்பது இப்படித்தான்

போன வருடம் அப்பாவை மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு அழைத்துப் போனோம். வயது 71. பேக்கேஜில் கழுத்து டாப்ளரும் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) சேர்ந்திருந்தது, யாரும் கேட்டு எடுத்ததில்லை. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி: வலது ஐசிஏ, 75 சதவீதம் அடைப்பு. அன்று சாயங்காலத்துக்குள் சித்தப்பாவிலிருந்து எதிர்வீட்டு மாமா வரை செய்தி போய், ஆளாளுக்கு ஸ்டென்ட் வைத்த கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவுக்கோ ஒரு தொந்தரவும் கிடையாது, காலையில் நடந்துவிட்டு வந்து டீயோடு பேப்பர் படிக்கிற மனுஷன். அவருக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து என்று புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. நான் டாக்டர் இல்லை. டாக்டர் முன்னால் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் இருக்க என்னவெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில், அறிகுறி இல்லை என்பது நிஜம்தானா என்று பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் ஒரு பக்கக் கை கால் மட்டும் பலமிழந்ததா, வாய் ஒரு பக்கம் கோணியதா, பேச்சு குழறியதா, ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கினமாதிரி சில நிமிடம் பார்வை போனதா? "கையை அமுக்கிப் படுத்திருப்பேன், மரத்துப்போச்சு" என்று பெரியவர்கள் சாதாரணமாகத் தள்ளிவிடுவார்கள், அதனால் துருவிக் கேளுங்கள். வலது கழுத்துக்குழாய் என்றால் இடது கை கால், ஆனால் கண் மட்டும் அதே வலது பக்கம். பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டிருந்தாலும் அது மினி ஸ்ட்ரோக், அடுத்த சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதை இரண்டு வாரத்துக்குள் செய்வதுதான் அதிகப் பலன் தரும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், கீழே இருக்கும் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. வெறும் தலைசுற்றல், மயக்கம் மட்டும் இருந்தால் பொதுவாக அதைக் கழுத்துக்குழாய் அடைப்பின் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சரி, இப்போது ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். கழுத்தில் ஏறும் கரோட்டிட் குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகக் கிளை பிரிகிறது. ஐசிஏ என்று போட்டிருப்பது மூளைக்குப் போவது, ஈசிஏ என்பது முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போவது. கிளை பிரியும் இடத்தில் ரத்த ஓட்டம் சுழித்துக்கொண்டு போவதால் கொழுப்பு அங்கேதான் படிகிறது. ஈசிஏயில் அடைப்பு என்றால் பெரும்பாலும் பதற வேண்டியதில்லை. ஐசிஏ, அல்லது அதன் தொடக்கத்தில் இருக்கும் பல்ப் என்ற இடம், இதுதான் விஷயம்.

அடுத்தது சதவீதம். இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். டாப்ளர் சதவீதத்தை நேராக அளப்பதில்லை, ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று அளக்கிறது. தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதே கணக்கு. ரிப்போர்ட்டில் பிஎஸ்வி (ரத்தம் பாயும் உச்ச வேகம்) என்று இருப்பதைத் தேடுங்கள். பரவலாகப் பயன்படும் அளவுகோலின்படி ஐசிஏயில் நொடிக்கு 125 செ.மீ. தாண்டினால் 50 சதவீதத்துக்கு மேல், 230 தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல். அப்பாவுக்கு இருந்தது 140. பிறகு எப்படி 75 வந்தது? லேபில் குழாயின் குறுக்குப் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும், ஆக விட்டக் கணக்கில் 50 சதவீதம் என்பதே பரப்புக் கணக்கில் 75. டாக்டர்கள் சிகிச்சையை முடிவு செய்யும் எல்லைக்கோடுகள் எல்லாம் விட்டக் கணக்கில் போட்டவை. எந்தக் கணக்கு என்று ரிப்போர்ட்டில் இல்லையென்றால் லேபுக்கே போன் செய்து கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வேகமும் சில நேரம் பொய் சொல்லும். எதிர்ப்பக்கக் குழாய் முழுக்க அடைத்திருந்தால் இந்தப் பக்கம் கூடுதல் ரத்தம் ஓடி வேகம் ஏறிக் காட்டும், சுண்ணாம்பு படிந்த இடத்தில் நிழல் விழுந்து சரியாகத் தெரியாது. அதனால் கத்தி வைக்கும் பேச்சு வந்தால் அதற்கு முன் சிடி ஆஞ்சியோ அல்லது எம்ஆர் ஆஞ்சியோ எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். 100 சதவீதம் அடைத்த பழைய குழாயைப் பொதுவாகத் திறக்க முயல்வதில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இனி சதவீதத்தைத் தாண்டி யோசிக்க வேண்டியது. கழுத்துக்குழாய் சுருங்கி, மூளைக்கு ரத்தம் குறைந்து, அதனால் ஸ்ட்ரோக் வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் வளையம்போல இணைந்திருக்கின்றன, ஒரு பக்கம் குறைந்தால் பலருக்கு மறுபக்கம் ஈடு கொடுத்துவிடும். ஆபத்து எங்கே என்றால், அந்தக் கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிந்து, அங்கே ரத்தக்கட்டி உருவாகி, அது தெறித்து மூளைக்குள் போய் அடைப்பதில். ஆகவே படிவு எவ்வளவு பெரிது என்பதோடு அது எந்த மாதிரி படிவு என்பதும் முக்கியம். ஸ்கேனில் கறுப்பாகத் தெரிவது கொழுப்பும் ரத்தமும் நிறைந்த மெத்தென்ற படிவு, கிழிய வாய்ப்பு அதிகம். வெள்ளையாகத் தெரிவது சுண்ணாம்பு இறுகியது, ஒப்பிட்டால் சாது. மேல்பரப்பில் புண்போலக் குழி, எம்ஆர்ஐயில் படிவுக்குள் ரத்தக்கசிவு, முந்தைய ஸ்கேனைவிட அடைப்பு வளர்ந்திருப்பது, எதிர்ப்பக்கக் குழாயால் முன்பு ஸ்ட்ரோக்கோ மினி ஸ்ட்ரோக்கோ வந்திருப்பது, மூளை ஸ்கேனில் அவருக்கே தெரியாமல் வந்துபோன சின்ன ஸ்ட்ரோக்கின் தழும்பு, இவை எல்லாம் அபாயத்தைக் கூட்டுபவை. கடைசியாகச் சொன்னது பழைய சிடி பிலிமிலேயே இருக்கலாம், பீரோவைத் தேடிப் பாருங்கள். பெரிய மருத்துவமனைகளில் நெற்றிப்பொட்டு வழியாக ஒரு டாப்ளர் வைத்து, துகள்கள் தெறித்துப் போகும் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 467 பேரைத் தொடர்ந்தபோது, அந்தச் சத்தம் வந்தவர்களுக்கு அந்தப் பக்கத்து ஸ்ட்ரோக் வருடத்துக்கு 3.6 சதவீதம், வராதவர்களுக்கு 0.7.

அதற்காகச் சதவீதம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. ஆக்ஸ்போர்டில் 2021இல் வெளியான கணக்கில் 80 முதல் 99 சதவீத அடைப்பு இருந்தவர்களில் ஐந்து வருடத்தில் 18 சதவீதம் பேருக்கு அந்தப் பக்கத்து ஸ்ட்ரோக் வந்தது, 50 முதல் 79 வரை இருந்தவர்களில் 1 சதவீதம்தான். 80க்கு மேல் என்றால் தள்ளிப்போடாமல் நிபுணரைப் பாருங்கள்.

இப்போது ஆளைப் பாருங்கள், குழாயை விட்டுவிட்டு. எங்கள் வீட்டில் உண்மையான வில்லன் இங்கேதான் இருந்தான். அப்பாவின் பிபி 162/94. இரண்டு வருடமாகக் கொலஸ்ட்ரால் மாத்திரையை அவரே நிறுத்திவிட்டிருந்தார், "ரிப்போர்ட் நார்மல்னு வந்துருச்சே" என்று. மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, வாட்ஸ்அப்பில் மட்டும் அந்த மாத்திரையை, அதாவது ஸ்டாட்டினைத் திட்டி நிறைய வந்திருக்கிறது. எல்லோரும் கழுத்துக்கு ஸ்டென்ட் பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில் பிபி யாருடைய வாயிலும் வரவில்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். கை பட்டையுள்ள பிபி மெஷின் வாங்கி, காலையும் இரவும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, காபிக்கு முன்னால், ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் 130/80க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 70க்குக் கீழே இருக்க வேண்டும், லேப் ரிப்போர்ட்டில் 100க்குக் கீழே என்றால் நார்மல் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது படிவு இல்லாதவர்களுக்கான எல்லை. ஸ்டாட்டின் ஆரம்பித்துத் தசை வலித்தால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ வழி இருக்கிறது. சுகரின் மூன்று மாத சராசரி, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், இரண்டும் நோட்டில் ஏறட்டும். பீடியோ சிகரெட்டோ இருந்தால் "குறைத்துவிட்டேன்" கணக்கில் வராது, விட வேண்டும். ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால் ரத்தக்கட்டி அங்கிருந்தும் கிளம்பும், அதற்கு மருந்தே வேறு. பணம் பிரச்சினை என்றால், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

ஆஸ்பிரின் விஷயத்தில் மட்டும் பக்கத்து வீட்டு ஆலோசனை வேண்டாம். வயிற்றுப்புண் உள்ளவருக்கு ரத்தக்கசிவு வரலாம், டாக்டர் எடை போட்டு எழுதட்டும். அப்புறம், கழுத்தில் படிவு இருந்தால் நெஞ்சிலும் இருக்க வாய்ப்புண்டு. இவர்களில் பலரைத் தாக்குவது ஸ்ட்ரோக்கைவிட மாரடைப்புதான், அதனால் இதய டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆபரேஷனா, ஸ்டென்டா, வெறும் மாத்திரையா? 2004இல் 3120 பேரை வைத்து வெளியான பெரிய ஆய்வில், உடனே ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஐந்து வருட ஸ்ட்ரோக் அபாயம் 6.4 சதவீதம், தள்ளிப்போட்டவர்களுக்கு 11.8. ஆனால் அந்தக் காலத்து மாத்திரைச் சிகிச்சை இன்றைய அளவுக்கு இல்லை. 2025 நவம்பரில் கிரெஸ்ட்-2 என்ற ஆய்வின் முடிவு வந்தது, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்து அறிகுறி இல்லாதவர்கள், எல்லோருக்கும் கடுமையான மருந்துச் சிகிச்சை. நான்கு வருடத்தில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரோக் போன்ற பிரச்சினை வந்தபோது ஸ்டென்டும் சேர்த்து வைத்தவர்களில் 2.8. ஆபரேஷன் பிரிவில் 5.3க்கு எதிராக 3.7, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். இதை ஸ்டென்டுக்கு வெற்றி என்று ஒருவர் சொல்லுவார், நூற்றுக்கு 94 பேர் மாத்திரையோடு நன்றாகவே இருந்தார்கள் என்று இன்னொருவர் சொல்லுவார். இரண்டும் சரிதான். தவிர, அங்கே ஸ்டென்ட் வைத்த டாக்டர்கள் தேர்ந்தெடுத்துச் சோதிக்கப்பட்ட கைகள். எனவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "உங்கள் யூனிட்டில் இதைச் செய்தவர்களில் எத்தனை பேருக்கு அப்போதே ஸ்ட்ரோக் அல்லது மரணம்?" பதில் 3 சதவீதத்துக்கு மேல் என்றால், அல்லது பதிலே இல்லை என்றால், இன்னொருவரைப் பாருங்கள். நோயாளி இன்னும் ஐந்து வருடமாவது வாழும் உடல்நிலையில் இருக்கிறாரா என்பதும் கணக்கில் வரும்.

மாத்திரையோடு இருப்பது என்று முடிவானால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை ஸ்கேன், முடிந்தவரை அதே லேபில், அதே மெஷினில். இடம் மாறினால் எண்ணும் மாறும், வீண் பதற்றம். சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை நெட்டி முறிப்பதையும், அழுத்திப் பிடித்து மசாஜ் செய்வதையும் இதோடு நிறுத்திவிடுங்கள். அப்பா வருத்தப்பட்ட ஒரே விஷயம் இதுதான்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தெருவில் எல்லோரும் டாப்ளருக்கு ஓட வேண்டாம். அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்த ஸ்கேனை வழக்கமாக எடுக்கக்கூடாது என்றுதான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2014லும் 2021லும் சொன்னது.

கடைசியாக, ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டுங்கள். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று மணியைக் குறிக்க வேண்டும், கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். வாயில் தண்ணீரோ ஆஸ்பிரினோ கூடுதல் பிபி மாத்திரையோ கொடுக்கக்கூடாது, அது ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ராத்திரியிலும் சிடி ஸ்கேனும் அந்த ஊசியும் இருக்கும் பக்கத்து மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, அந்தப் பெயரையும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.