பீர் பெட்டி கடைக்கு வரும் வழி: மொத்த விற்பனைச் சட்டத்தை முதன்முதலாகப் படிப்பவர்களுக்கு

நாகப்பட்டினத்தில் மயிலாடுதுறைக்குப் பேருந்து ஏறுகிறீர்கள். நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்ததும் தமிழ்நாடு முடிந்துவிடும். காரைக்காலைக் கடந்து நண்டலாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் மறுபடியும் தமிழ்நாடு. நடுவில் இருக்கும் அந்தத் துண்டு நிலத்தில் பீரை மொத்தமாக விற்க ஒரு சட்டம், இரண்டு பக்கமும் வேறொரு சட்டம். மாநிலச் சட்டம் மதுவை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நம் பக்கம் மதுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடையைச் சுற்றியே நடக்கிறது. கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்று. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் சட்டத்தின் முக்கியமான முடிச்சு அதற்கு ஒரு கட்டம் முன்னால், மொத்த விற்பனையில் போடப்படுகிறது. ஆலையிலிருந்து பீரை யார் வாங்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற விதிகள் தாமாகப் புரிய ஆரம்பிக்கும். சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிப்பவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், ஊருக்காக மனு எழுதுகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு காலி பீர் பாட்டில், ஒரு நோட்டுப் புத்தகம், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் பிரதி ஒன்று, இவ்வளவு போதும்.

படி 1: அதிகாரம் எங்கிருந்து வருகிறது

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் இரண்டாவது பட்டியலை, அதாவது மாநிலப் பட்டியலை எடுங்கள். அதில் 8-வது பதிவு மது பற்றியது: உற்பத்தி, கைவசம் வைத்திருத்தல், கொண்டுசெல்லுதல், வாங்குதல், விற்றல் எல்லாமே மாநிலத்தின் கையில். 51-வது பதிவு மனிதர் அருந்தும் மதுவின் மீது ஆயத்தீர்வை, அதாவது கலால் வரி, விதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. பிரிவு 366(12ஏ) இந்த மதுவை ஜிஎஸ்டி-க்கு வெளியே நிறுத்திவிட்டது. அதனால்தான் பீர் பில்லில் ஜிஎஸ்டி இருக்காது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாட் வரிதான்.

இதோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மது வியாபாரம் செய்வது யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்று கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு விரும்பினால் முழுதாகத் தடுக்கலாம், உரிமம் கொடுத்து நடத்தவிடலாம், தானே முழு வியாபாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு மூன்றாவது வழியில் போனது.

படி 2: உங்கள் ஊர் எந்தச் சட்டத்தின் கீழ்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. காரைக்கால், திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்றால் புதுச்சேரி கலால் சட்டம், 1970.

ஒரே ஆற்றுப் பாசனம், ஒரே பேச்சு, ஆனால் சட்டம் வேறு. அதற்குக் காரணம் வரலாறு. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் வந்தது, தஞ்சை ஜில்லாவும் சேர்ந்து. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962-ல் சட்டப்படியான இணைப்பு நடந்தது. சென்னை மாகாணச் சட்டம் காரைக்காலுக்குள் நுழைந்ததே இல்லை. இரண்டு முறைகளும் தனித்தனியாக வளர்ந்தன.

படி 3: சட்டத்தை எந்த வரிசையில் படிப்பது

இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், இங்கேதான் பலர் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். 1937 சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தால் தலை சுற்றும். நேராக 4-வது பிரிவுக்குப் போங்கள். மதுவை இறக்குமதி செய்வது, கொண்டுசெல்வது, வைத்திருப்பது, தயாரிப்பது, விற்பது, வாங்குவது, குடிப்பது எல்லாம் குற்றம் என்று அந்தப் பிரிவு வரிசையாகச் சொல்லும். இன்றைக்கும் அதுதான் அடிப்படை விதி. டாஸ்மாக் நடத்தும் ஒவ்வொரு கடையும் இந்தத் தடைக்குக் கொடுத்த விலக்கின் மேல்தான் நிற்கிறது.

அப்புறம் அந்த விலக்குகளைத் தேடுங்கள். 17-பி பிரிவு தயாரிக்கும் உரிமை பற்றியது. 17-சி விற்கும் உரிமை பற்றியது, நமக்கு வேண்டியது இதுதான். மொத்த விற்பனை உரிமையை அரசுக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு மட்டும் கொடுக்க இந்தப் பிரிவு வழி செய்கிறது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983-ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தொடங்கப்பட்டது. மொத்த விற்பனை அதனிடம் போனது. சில்லறைக் கடைகள் அதன்பின் 20 ஆண்டுகள் தனியாரிடமே இருந்தன. 2003-ல் ஜெயலலிதா அரசு சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு நவம்பர் 29 முதல் சில்லறையையும் டாஸ்மாக்கிடம் கொடுத்தது. வரிசையைக் கவனியுங்கள். அரசு முதலில் பிடித்தது மொத்த விற்பனையை, கடைகளை அல்ல.

சட்டத்துக்கு அடுத்து விதிகள். பீருக்கு முக்கியமானவை இரண்டு: ஆலைக்கான தமிழ்நாடு பீர் ஆலை (Brewery) விதிகள், 1983, மொத்த வழங்கலுக்கான விதிகள், அதுவும் 1983. பிராந்தி, விஸ்கி வகைகளின் தயாரிப்புக்கு 1981-ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு, அவற்றைப் பீரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கடைகளுக்கு 2003-ஆம் ஆண்டுச் சில்லறை விற்பனை விதிகள். கோயில், பள்ளியிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்ற கணக்கு இந்தக் கடைசி விதிகளில்தான் வருகிறது. கடை இருக்கும் இடம் பற்றிய மனுவை மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். மொத்த விற்பனை விதிகளைக் காட்டி அங்கே வாதாடினால் எடுபடாது.

படி 4: பாட்டிலைக் கையில் எடுங்கள்

காலி பாட்டில் போதும் என்றேன். லேபிளில் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தைப் பாருங்கள். ஆலையின் பெயரும் முகவரியும் இருக்கும். பேட்ச் எண், தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, அளவு 650 மில்லி, ஆல்கஹால் சதவீதம். 5 சதவீதம் வரை சாதாரண பீர், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். அது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த தர அளவு, மாநிலம் வகுத்ததில்லை. தமிழ்நாட்டில் மட்டும் விற்பனைக்கு என்ற வரியைத் தேடிப் பிடியுங்கள். மூடியைப் பிடித்தாற்போல் ஒட்டிய ஹாலோகிராம் சீட்டின் மிச்சம் கழுத்தில் இருந்தால் அதையும் பாருங்கள், அது ஆயத்தீர்வைத் துறையின் அடையாளம். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, எது மத்திய விதி, எது மாநில விதி என்று பிரித்து எழுதுங்கள். இந்தச் சின்னப் பயிற்சி நாலு பக்கக் குறிப்பைவிட மனத்தில் நிற்கும்.

படி 5: ஒரு பெட்டியின் பின்னால் போங்கள்

650 மில்லி பாட்டில் 12 சேர்ந்தது ஒரு பெட்டி, 7.8 லிட்டர். இந்தப் பெட்டி ஆலையை விட்டு வெளியே வர டாஸ்மாக்கின் கொள்முதல் ஆணை வேண்டும். நெல் விளைந்தால் நம் விவசாயி நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம், விலை ஒத்துவந்தால் வியாபாரிக்கும் போடலாம். பீர் ஆலைக்குத் தமிழ்நாட்டுக்குள் அந்த இரண்டாவது வழி இல்லை. தன் ஆலை வாசலில் கடை போட்டு விற்கவோ, ஒரு ஓட்டலுக்கு நேரடியாக லோடு அனுப்பவோ முடியாது. கிளப்புக்கான எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டலுக்கான எஃப்.எல்.3 உரிமம் வைத்திருப்பவர்களும் டாஸ்மாக்கிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

தீர்வை கட்டி, கொண்டுசெல்லும் அனுமதிச்சீட்டு வாங்கி, லாரி கிளம்பும். அனுமதிச்சீட்டில் இருப்பதும் லாரியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கை இடித்தால் அது கணக்குப் பிழை என்பதைத் தாண்டி, 4-வது பிரிவின் தடைக்குள்ளேயே விழும் அபாயம் உண்டு. லாரி டாஸ்மாக் கிடங்கில் லோடு இறக்கும். கிடங்கிலிருந்து இன்வாய்ஸ் போட்டுக் கடைகளுக்குப் பெட்டிகள் பிரியும். கடை மேற்பார்வையாளர் அதை இருப்பேட்டில் ஏற்றுவார். விலையைக் கடையில் யாரும் முடிவு செய்வதில்லை.

இவ்வளவு காகிதம் எதற்கு என்று தோன்றலாம். மது மீதான ஆயத்தீர்வையும் வாட் வரியும் சேர்ந்து 2023-24-ல் தமிழ்நாட்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிய வருவாய் தந்தன. பெட்டி தவறினால் தீர்வை தவறும். அதே காகிதம் கள்ளச் சரக்கு நடுவில் கலக்காமல் இருக்கவும் காவல். இந்த இரண்டாவது காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். குடிக்கிறவர் ஏழையாக இருக்கும் ஊரில், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

படி 6: நண்டலாற்றைத் தாண்டிப் பாருங்கள்

காரைக்காலில் இதே பெட்டிக்கு வேறு பாதை. அங்கே மொத்த வியாபாரி தனியார், எஃப்.எல்.1 உரிமம் பெற்றவர். அவரிடமிருந்து எஃப்.எல்.2 உரிமம் (பெயர் ஒன்றுதான், தமிழ்நாட்டின் கிளப் உரிமம் வேறு) உள்ள சில்லறைக் கடைக்காரர் வாங்குகிறார். கலால் துறை உரிமம் கொடுக்கிறது, தீர்வை வசூலிக்கிறது, சோதனை செய்கிறது. சரக்கைத் தானே வாங்கி விற்பதில்லை.

நோட்டில் மறுபடியும் இரண்டு பத்தி போடுங்கள். மொத்த வியாபாரி யார், கடைக்காரர் யார், கண்காணிப்பவர் யார் என்று மூன்று கேள்வி. தமிழ்நாட்டுப் பத்தியில் முதல் இரண்டுக்கும் ஒரே பதில் வரும். மூன்றாவதும் அதே அரசின் இன்னொரு கை. ஒரே முதலாளி வாங்கி, விற்று, மேற்பார்வையும் பார்க்கும்போது தவறைத் தட்டிக் கேட்க வெளியிலிருந்து ஆள் வேண்டும். அந்த ஆள் பொதுமக்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்ற இடங்களைப் படிக்கவும் இதே மூன்று கேள்வி உதவும். கர்நாடகத்தில் மொத்த விற்பனை அரசு நிறுவனத்திடம், கடைகளில் பெரும்பாலானவை தனியாரிடம். தமிழ்நாடு 2003 வரை இருந்த நிலை அது. அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது 21-வது திருத்தம் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. அங்கே பல மாநிலங்கள் ஆலை, மொத்த வியாபாரி, கடை மூன்றும் வெவ்வேறு கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டன. காரைக்கால் முறையைப் புரிந்துகொண்டவருக்கு அது எளிதாகப் பிடிபடும்.

படி 7: எல்லையில் என்ன ஆகிறது

காரைக்காலில் சட்டப்படி வாங்கிய பாட்டில், வாஞ்சூரையோ நண்டலாற்றையோ தாண்டியதும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 4-வது பிரிவுக்குள் வந்துவிடும். பில் கையில் இருந்தாலும் அது காரைக்கால் பில்தான். தமிழ்நாட்டுத் தீர்வை கட்டாத சரக்கு என்று வழக்குப் போடலாம், 14-வது பிரிவின்படி வண்டி பறிமுதலாகலாம். இரண்டு சக்கர வண்டிதான் பிழைப்பு என்று இருக்கிற பையன்கள் சில நூறு ரூபாய்க் கூலிக்காக இதில் மாட்டுவது நம் பக்கம் அடிக்கடி நடப்பது. வண்டி போனால் வேலையும் போகும். வீட்டில் இளைஞர்கள் இருந்தால் இந்த ஒரு பத்தியையாவது அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மொத்தச் சரக்குக்கும் எல்லைப் பிரச்சினை உண்டு. புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு லாரி வர வேண்டுமானால் கடலூர், சிதம்பரம், சீர்காழி, பொறையார் என்று தமிழ்நாட்டு மண்ணில்தான் வர வேண்டும். இப்படி மாநிலத்தின் வழியே கடந்துபோகும் மதுவுக்கென்று தமிழ்நாடு 1982-ல் தனி விதிகள் போட்டிருக்கிறது.

படி 8: கேள்வி எழுதுங்கள்

டாஸ்மாக் அரசு நிறுவனம். ஆகவே 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். வெள்ளைத் தாளில், தமிழில், 10 ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். கிடங்கு, கடை, இருப்பு பற்றிய கேள்வி என்றால் மாவட்ட மேலாளர் அலுவலகம். உரிமம், தீர்வை, அனுமதிச்சீட்டு என்றால் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. இடம் மாறி அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம், 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

கேள்வியைக் குறுகலாக வையுங்கள். "மாவட்டத்தில் பீர் விற்பனை பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் பதில் வருவது கடினம். "குறிப்பிட்ட நிதியாண்டில் இந்தக் கிடங்குக்கு வந்த பீர் பெட்டிகள் மாதவாரியாக எத்தனை, உடைந்ததாகக் கழித்தவை எத்தனை, கடைசித் தணிக்கை எப்போது" என்று கேளுங்கள். ஆலைகளுக்குக் கொடுத்த கொள்முதல் விலையைக் கேட்டால் வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. பொதுநலன் பெரிதாக இருந்தால் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது, அந்த வரியை மேல்முறையீட்டில் அப்படியே எடுத்துப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள், மறுத்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதற்கும் பலன் இல்லாவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

காரைக்கால்காரர்கள் தனியார் மொத்த வியாபாரியிடம் நேரடியாக இப்படிக் கேட்க முடியாது. அவருக்கு உரிமம் கொடுத்த புதுச்சேரி கலால் துறையிடம் கேளுங்கள். அங்கிருந்து இரண்டாவது மேல்முறையீடு தில்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும்.