கிருமி வரும் வழி ஒன்று, நாம் அடைக்கும் வழி வேறு: தொற்றுநோய்த் தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020-இல் கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில் பலர் வீட்டில் நடந்தது இது. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, காய வைத்து, அப்புறம்தான் உள்ளே எடுத்தார்கள். அதே வீட்டில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் ஒரே அறையில் நெருங்கி உட்கார்ந்து பேசிக்கொண்டும் இருந்தார்கள். அந்த வைரஸ் பெரும்பாலும் பரவியது மூச்சுக்காற்றில். பொட்டலத்தில் ஒட்டிக்கொண்டு வந்து தொற்றியது மிக அரிது. ஆரம்பத்தில் யாருக்கும் இது தெளிவாகத் தெரியாது, அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூறு வருடமாக நன்றாகத் தெரிந்த நோய்களிலும் இதே மாதிரிதான் நடக்கிறது. மனிதர் நோயிலும் சரி, மாட்டு நோயிலும் சரி, நாம் படும் பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் கிருமி ஒரு வாசல் வழியாக வர, நாம் இன்னொரு வாசலைப் பூட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் எந்த நோய் என்றாலும் முதலில் கேட்க வேண்டியது, "இது எந்த வழியாக வருகிறது?" என்பதைத்தான். தட்டம்மை காற்றில் வருகிறது. நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் வைரஸ் இருக்கும். காலராவும் டைபாய்டும் தண்ணீர், சாப்பாடு வழியாக வாய்க்குள் போகின்றன. எலிக்காய்ச்சல் வருவதற்கு எலி கடிக்க வேண்டியதில்லை. எலி, நாய், மாடு, பன்றி இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால், கால் வெடிப்பு வழியாகவே கிருமி உள்ளே போய்விடும். அங்கே முகக்கவசம் போட்டு என்ன பயன்? பூட்ஸ்தான் வேண்டும்.

கை கழுவுவதிலும் இப்படி ஒன்று இருக்கிறது. பாக்கெட்டில் சானிடைசர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சளிக்காய்ச்சல் வைரஸுக்கு அது சரி. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒரு வீட்டையே படுக்க வைக்கும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். வாந்தி நின்று இரண்டு நாள் ஆகும்வரை நோய் வந்தவர் மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது.

டெங்குவில் நடப்பது இன்னும் வருத்தம் தருவது. தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைக்கிறார்கள்; வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த தடவை தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிந்துவிடும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தக் கொசு பகலில் கடிப்பது என்பதையும் மறந்துவிட்டு ராத்திரிக்கு மட்டும் வலை கட்டுகிறோம்.

கடித்த இடத்தில் ரத்தம் வரவில்லையே!

நான் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுத வேண்டும் என்றால் வெறிநோயைத்தான் எழுதியிருப்பேன். அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாத நோய் அது. அதே சமயம், அறிகுறி தொடங்கும் முன் சரியாகச் செய்தால் அநேகமாக எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாம் எடுக்கும் முடிவு மட்டும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி வருடத்துக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதில் இறக்கிறார்கள். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய் மூலம் வருவது.

கடித்ததும் வைரஸ் ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. காயத்தின் அருகே இருக்கும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்; சில பேருக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். இந்த இடைவெளி இருப்பதால்தான் கடித்த பிறகு போடும் தடுப்பூசி பலிக்கிறது. லூயி பாஸ்டர் 1885-இல் கடிபட்ட ஒரு சிறுவனைக் காப்பாற்றியதும் இந்த இடைவெளியில்தான்.

கடித்த உடனே குழாயடிக்குப் போக வேண்டும். தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்பைக் காயத்தின் மேலேயே குழைத்து, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். வலியிலும் பயத்திலும் இருக்கும் ஒருவருக்கு இரண்டு நிமிடமே பதினைந்து நிமிடம் மாதிரி இருக்கும், அதனால் பக்கத்தில் இருப்பவர் நேரம் பார்ப்பது நல்லது. கழுவிய பின் அயோடின் மருந்து இருந்தால் தடவலாம். எரிச்சல் தரும் பொடி, இலைச்சாறு, அமிலம் எதுவும் கூடாது. காயத்தை இறுக்கிக் கட்டுவதும் கூடாது.

அப்புறம் நேராக மருத்துவமனை. இங்கேதான் மூன்று பேச்சுகள் குறுக்கே வரும். "ரத்தம் வரவில்லை, கீறல்தான்" என்பது ஒன்று. கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்திருந்தாலோ, இருக்கும் புண்ணை நாய் நக்கியிருந்தாலோ, தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றியே போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பாற்றலை உண்டாக்க சில நாட்கள் ஆகும்; அதுவரை காவல் நிற்பது இந்த ஊசிதான். "வீட்டு நாய்தானே" என்பது அடுத்தது. அந்த நாய்க்கு எப்போது ஊசி போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "பத்து நாள் நாயைப் பார்ப்போம், செத்தால் ஊசி போடலாம்" என்பது மூன்றாவது, மிக மோசமானது. நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டுதான் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்வார்.

அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது

நோய் தெரிந்த பிறகுதான் தொற்றும் என்று நம் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. தட்டம்மைத் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தக் குழந்தை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஃபுளூ காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே பரவும். மாடுகளின் கோமாரி நோயும் அப்படித்தான். வாயில் கொப்புளம் வந்து எச்சில் ஒழுகும் முன்பே வைரஸ் வெளியே வரத் தொடங்கிவிடும்.

2001-இல் பிரிட்டனில் நடந்தது இதற்கு வேதனையான சாட்சி. கோமாரி இருப்பது பிப்ரவரி மாதம் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் நோய் தொற்றிய ஆடுகள் சந்தைகள் வழியாக நாட்டின் பல பகுதிகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. ஆடுகளில் கோமாரி அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது என்பதால் வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் சந்தேகமே வரவில்லை. அடக்குவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

புதிதாக வாங்கி வந்த மாட்டை அன்றைக்கே மற்ற மாடுகளோடு கட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து புரியும். மாடு பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். இருந்தாலும் மூன்று நான்கு வாரம் தனியாக, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டி வைத்திருக்க வேண்டும். பழைய மாடுகளுக்கு வேலை முடித்த பிறகுதான் அதனிடம் போக வேண்டும், முன்னால் அல்ல.

அழுக்கின் மேல் ஊற்றும் மருந்து

பல பண்ணைகளின் வாசலில் கால் நனைக்கும் தொட்டி ஒன்று இருக்கும். காலையில் மருந்து கலந்து வைத்த தண்ணீர் வெள்ளையாக இருக்கும். மதியத்துக்குள் அது சாண நிறத்துக்கு மாறி, மேலே வைக்கோல் துரும்பு மிதக்கும். உள்ளே போகிறவர் பூட்ஸை ஒரு முக்கு முக்கிவிட்டுப் போவார். குதிகால் இடுக்கில் இறுகிய சாணம் அப்படியே இருக்கும். இது தடுப்பு அல்ல, தடுப்பு செய்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும்தான். குளோரின் போன்ற மருந்துகள் சாணம், ரத்தம், மண் எது முன்னால் கிடைக்கிறதோ அதோடு சேர்ந்து தீர்ந்துபோகும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதன் பிறகு மருந்து, மருந்து பட்டு ஊற நேரம். தொட்டித் தண்ணீர் கலங்கினால் மாற்றிவிட வேண்டும்.

வீட்டிலும் வாந்தி, மலம் பட்ட தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போவது இதே தவறுதான். இன்னொன்று, பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் வலு கூடும் என்று சிலர் கலக்கிறார்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைத்துவிடும். ஒருபோதும் கலக்காதீர்கள்.

திடீரென்று மாடோ ஆடோ செத்து, மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கறுப்பு ரத்தம் கசிந்தால் அதை அறுக்கவே கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். மூடிய உடலுக்குள் அந்தக் கிருமி, உடல் அழுகும்போது தானும் அழிந்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டால் ஸ்போர் என்ற கெட்டியான வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஸ்காட்லாந்து பக்கம் கிரினார்டு என்ற தீவில் 1942-இல் பிரிட்டன் இந்தக் கிருமியை ஆயுதச் சோதனைக்குப் பயன்படுத்தியது. மண்ணில் ஃபார்மால்டிஹைடு ஊற்றிச் சுத்தம் செய்து, 1990-இல்தான் அந்தத் தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. தோலுக்கும் கறிக்கும் ஆசைப்பட்டுச் செத்த மாட்டை அறுப்பவர் தன் மேய்ச்சல் நிலத்தை இந்த நிலைக்குத்தான் ஆளாக்குகிறார். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை நாய்களும் காக்கைகளும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலங்கைக் கொன்றால் தீருமா?

ஒரு நோய் விலங்கிடமிருந்து வருகிறது என்று தெரிந்ததும் முதலில் தோன்றுவது அந்த விலங்கை ஒழித்துவிடலாம் என்பதுதான். உகாண்டாவில் கிட்டாகா சுரங்கத் தொழிலாளர்களுக்கு 2007-இல் மார்பர்க் என்ற, எபோலா போன்ற கொடிய வைரஸ் நோய் வந்தது. காரணம் உள்ளே இருந்த வௌவால்கள். வழிகளை அடைத்து அவற்றை ஒழித்தார்கள். சில வருடத்தில் வௌவால்கள் மறுபடியும் குடியேறின. 2012-இல் சோதித்தபோது, முன்பு 5 சதவீத வௌவால்களில் இருந்த வைரஸ் 13 சதவீதமாகக் கூடியிருந்தது. அதே ஆண்டு அந்த வட்டாரத்தில் மனிதர்களுக்கும் மார்பர்க் மீண்டும் வந்தது. நோய் வந்து தேறி எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த வௌவால்கள் போய், எதிர்ப்பாற்றலே இல்லாத புதுக் கூட்டம் வந்தால் வைரஸுக்கு அது நல்ல விளைநிலம். நாய்களைக் கொல்வதும் அப்படித்தான். ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துபோகும். ஊசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றால் நாம் கட்டிய வேலியை நாமே பிடுங்குகிறோம்.

நோய் எப்போதும் விலங்கிடமிருந்து நம்மிடம் வருவதாகவே பேசுகிறோம். நம்மிடமிருந்தும் போகும். 2020-இல் டென்மார்க்கில் ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க் என்ற சிறு விலங்கின் பண்ணைகளுக்கு கொரோனாவைக் கொண்டுபோனது மனிதர்கள்தான், கடைசியில் 1.5 கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளைக் கொன்றார்கள். காய்ச்சலும் இருமலுமாக இருக்கும்போது பன்றிப் பண்ணைக்குள் போகாமல் இருப்பது பன்றிகளுக்காகவும்தான்.

ஊசியும் மாத்திரையும்

சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கும் பழக்கம் எல்லோரும் அறிந்தது. வைரஸ் மேல் அது வேலை செய்யாது. உடம்பிலிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்த மருந்தைத் தாங்கப் பழக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் பாலிலும் வரும். மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, கன்றுக்கு ஊட்டவும் கூடாது.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, போட்டும் பலிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, அதை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதுதான். பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்றவை கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது; உருகிய பின் பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரே ஊசியால் மந்தை முழுவதுக்கும் போடுவது அடுத்த தவறு. ஒரு மாட்டின் ரத்தத்தில் இருக்கும் நோயை நாமே எல்லா மாட்டுக்கும் குத்தி விடுகிறோம். நோய் பக்கத்துக்கு வந்த பிறகு போடும் ஊசியும் தாமதம்தான், எதிர்ப்பாற்றல் வர ஒன்றிரண்டு வாரம் வேண்டும்.

கன்று வீச்சு நோய் என்கிற புருசெல்லோசிஸ் உள்ள மாடு குறைமாதத்தில் கன்றைப் போட்டுவிட்டால், அந்தக் கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கோடிக் கணக்கில் இருக்கும். அவசரத்தில் வெறுங்கையால் இழுத்துப் போட்டுவிடுவார்கள். சில வாரம் கழித்து, அப்படி இழுத்துப் போட்டவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டு வலி. மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும்தான் சொல்வார், மாட்டைப் பற்றிச் சொல்லத் தோன்றாது. மருத்துவரும் வேறு எதையெதையோ சோதித்துக்கொண்டிருப்பார். எலிக்காய்ச்சலிலும் இதேதான். அதனால் காய்ச்சலோடு போகும்போது இவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: மாடு குறைமாதத்தில் கன்றைப் போட்டதா, அதைத் தொட்டீர்களா, காய்ச்சாத பால் குடித்தீர்களா, தேங்கிய தண்ணீரில் இறங்கினீர்களா, ஏதாவது விலங்கு கடித்ததா, கீறியதா. அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.