பழைய உழவு இயந்திரத்தின் சரியான மொடலைக் கண்டுபிடிப்பது எப்படி

சிவப்புப் பெயின்ற் அடித்திருந்தால் மசி (மசி பேர்குசன்), நீலம் அடித்திருந்தால் போட் (Ford). யாழ்ப்பாணத்தில் பழைய உழவு இயந்திரங்களை அடையாளம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான். வயல் உழ அது போதும். கிளச் தட்டோ லைனரோ வாங்கப் போகும்போதுதான் போதாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள உதிரிப்பாகக் கடைக்குத் தொலைபேசி எடுத்து 'மசி 35' என்று மட்டும் சொன்னால், நாலு சிலிண்டரா மூன்று சிலிண்டரா என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்காவிட்டால் இன்னும் மோசம். பொருந்தாத சாமான் இரவு பஸ்ஸில் ஏறி வந்துவிடும், காலபோக உழவு தொடங்கிய பிறகு.

இங்குள்ள மெசின்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் புதிய உதிரிப்பாகம் வர வழியிருக்கவில்லை. ஓடாத ஒன்றைக் கழற்றி ஓடுகிற ஒன்றில் பூட்டினார்கள். இடப்பெயர்வுகளில் கைவிட்ட மெசின்களும் துண்டு துண்டாகப் பிரிந்து வேறு மெசின்களுக்குள் போய்ச் சேர்ந்தன. ஆகையால் 35இன் பின்பக்கமும் 135இன் எஞ்சினும் வேறெதனுடையதோ பொனற்றும் ஒரே மெசினில் இருப்பது அதிசயமில்லை. 'இது என்ன மொடல்' என்ற ஒற்றைக் கேள்விக்கு அங்கே விடை கிடையாது. எஞ்சின் எது, கியர்பொக்ஸ் எது, பின் அச்சு எது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நிறம், ஸ்ரிக்கர், பொனற், மட்காட், ரயர் எதுவும் சாட்சியாகாது. நாலு போல்ற்றில் மாறக்கூடியவை அவை.

முதலில் துப்புரவு

செம்மண்ணும் ஒயிலும் சேர்ந்து இறுகிய படலம் ஒரு விரல் தடிப்புக்கு இருக்கும். அதற்குக் கீழேதான் இலக்கங்கள். பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து இரவு முழுக்க ஒட்டிவைத்து, காலையில் மரச் சிராயால் சுரண்டி, பிறகு வயர் பிரஸ்ஸை மெதுவாகப் போடுங்கள். கிரைண்டரைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அடித்த இலக்கங்கள் ஆழமில்லாதவை. ஒரே இழுப்பில் போய்விடும். காய்ந்ததும் வெண்கட்டியைப் படுக்கையாகத் தேய்த்து, மேற்பரப்பை உள்ளங்கையால் துடைத்தால் பள்ளத்துக்குள் வெள்ளை நிற்கும். அப்போதும் வாசிக்க முடியாவிட்டால் இருட்டிய பிறகு ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நேரே வெளிச்சம் அடித்தால் எழுத்து மறைந்துபோகும்.

இரண்டு வகை இலக்கங்கள் கண்ணில் படும். வார்ப்போடு சேர்ந்து மேலே புடைத்து நிற்பது வார்ப்பு இலக்கம். அது அந்தப் பாகத்தின் இலக்கம். அதே அச்சில் வார்த்த ஆயிரம் மெசின்களிலும் அதுவேதான். சுத்தியலால் அடித்துப் பள்ளமாக இருப்பதுதான் அந்த ஒரு மெசினுக்கோ எஞ்சினுக்கோ உரிய வரிசை இலக்கம். வார்ப்பு இலக்கத்தைச் 'சாசி நம்பர்' என்று எழுதி அனுப்புவதுதான் அதிகம் நடக்கிற பிழை.

சொல்லப்போனால் பேர்குசன் வகைகளில் சாசி என்றே ஒன்று கிடையாது. எஞ்சினும் கியர்பொக்ஸும் பின் அச்சுப் பெட்டியும் ஒன்றோடொன்று போல்ற்றில் பூட்டப்பட்டு, அவையே உடலாக நிற்கின்றன. பதிவுப் புத்தகத்தில் சாசி இலக்கம் என்று இருப்பது டாஷ் பலகையில் உள்ள தகட்டு இலக்கம். அந்தத் தகடு சின்ன ஆணிகளில் நிற்பது. உப்புக் காற்றில் அரித்துப் போயிருக்கும், அல்லது வேறொரு மெசினில் இருந்து வந்திருக்கும். அதை வாசியுங்கள், ஆனால் உடலோடு ஒத்துவருகிறதா என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

சாம்பல் பேர்குசனா, 35ஆ?

கொவென்றியில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சாம்பல் நிறப் பேர்குசன் ரி.ஈ. 20 தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. கடைசி வரிசை இலக்கம் 517651. முன்னால் வரும் எழுத்துகள் எஞ்சினைச் சொல்கின்றன. வெறும் ரி.ஈ. என்றால் அமெரிக்கக் கொன்டினென்டல் பெற்றோல் எஞ்சின், ரி.ஈ.ஏ. என்றால் ஸ்ராண்டர்ட் பெற்றோல், ரி.ஈ.டி. மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கானது, ரி.ஈ.எவ். டீசல்.

தகடு இல்லாவிட்டாலும் உடலைப் பார்த்தே சொல்லலாம். ரி.ஈ. 20க்கு ஒரே கியர் தடி. முன்னுக்கு 4, பின்னுக்கு 1. அந்தத் தடியையே எஸ் என்ற இடத்துக்குத் தள்ளித்தான் ஸ்ராட் பண்ண வேண்டும். 1956இல் வந்த 35க்கு இரண்டு தடிகள், ஒன்று கியர் மாற்ற, மற்றது வேகத்தைக் கூட்டிக் குறைக்க. முன்னுக்கு 6, பின்னுக்கு 2. இருக்கைக்கு அருகே ஹைட்றோலிக் நெம்பைப் பாருங்கள்: ரி.ஈ. 20இல் ஒன்று, 35இல் இரண்டு. பின்னால் பி.ரி.ஓ. தண்டை (பூட்டும் கருவிகளுக்கு எஞ்சின் வலுவைக் கொடுக்கும் தண்டு) கலிப்பரால் அளந்தால் ரி.ஈ. 20இல் சுமார் 29 மி.மீ., 35இல் சுமார் 35 மி.மீ. நீர்ப்பம்பியைப் பூட்டுவதற்காகத் தண்டின் மேல் ஒரு மாற்றுக்குழாய் ஏற்றியிருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

35க்குள் எத்தனை 35

குழப்பம் முழுக்க இங்கேதான். முதலில் வந்தது சாம்பல் உடலும் செப்பு நிற எஞ்சினுமாக இருந்தது. 1957 கடைசியில் மசி பேர்குசன் பெயரோடு சிவப்பும் சாம்பலுமாக மாறியது. டீசலில் முதலில் ஸ்ராண்டர்ட் கம்பனியின் நாலு சிலிண்டர் 23சி எஞ்சின். காலைக் குளிரில் எழும்ப அடம்பிடிக்கும் என்று குளிர்நாடுகளில் பேர்போனது. நம்முடைய வெயிலுக்கு அது பெரிய குறையில்லை, அதனால் இங்கு சில இன்னும் தப்பியிருக்கின்றன. 1959 இறுதியிலிருந்து பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் 3.152 வந்தது. 1962இல் அதையே கூடின குதிரைவலுவோடு 35 எக்ஸ் என்று விட்டார்கள்.

டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரருக்குப் போகும் குழாய்களை எண்ணுங்கள். நாலா மூன்றா என்பது ஒரு நிமிட வேலை. பிறகு தகட்டு இலக்கத்துக்கு முன்னால் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்பாருங்கள். முதல் எழுத்து எஸ் என்றால் சாதாரண விவசாய மெசின், வி என்றால் திராட்சைத் தோட்டத்துக்கான ஒடுங்கிய வகை. இரண்டாவது எழுத்தில் டி நாலு சிலிண்டர் டீசல், என் மூன்று சிலிண்டர் டீசல், ஜி பெற்றோல், கே மண்ணெண்ணெய் வகை. மூன்றாவது எழுத்து எவ் என்றால் ஒற்றைக் கிளச், எம் என்றால் இரட்டைக் கிளச்.

தகடு எஸ்.டி.எம். என்று சொல்கிறது, குழாய் மூன்றுதான் இருக்கிறது என்றால், யாரோ ஸ்ராண்டர்ட் எஞ்சினை இறக்கிவிட்டுப் பேர்கின்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். அது கெட்ட காரியமில்லை, பல நாடுகளிலும் செய்த மாற்றம்தான். ஆனால் எஞ்சின் சாமானை மூன்று சிலிண்டருக்கும், கியர்பொக்ஸ் சாமானைத் தகடு சொல்லும் மெசினுக்குமாகப் பிரித்து வாங்க வேண்டும். கிளச்சை மட்டும் ஊகிக்காதீர்கள். ஏற்றியவர் எந்தக் கிளச்சை வைத்தார் என்பது திறந்தால்தான் தெரியும்.

இரட்டைக் கிளச்சா என்று வெளியிலிருந்தும் சோதிக்கலாம். பி.ரி.ஓ. சுற்றிக்கொண்டிருக்க, மெசின் மெதுவாக ஓடும்போது பெடலைப் பாதிவரை மிதியுங்கள். சில்லு நின்று தண்டு தொடர்ந்து சுற்றினால் இரட்டை. முழுக்க மிதித்தால் தண்டும் நிற்க வேண்டும். பாதியிலேயே இரண்டும் நின்றால் ஒற்றை, அல்லது இரட்டைக் கிளச் தப்பாகச் செற் பண்ணப்பட்டிருக்கிறது. சோதிக்கும்போது தண்டுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. சாரமும் சேலையும் சுற்றிக்கொண்டு போக ஒரு கணம் போதும்.

135, 240, இந்திய மெசின்கள்

1964 இறுதியில் 35இன் இடத்துக்கு 135 வந்தது. எஞ்சின் அதே 3.152 வம்சம். பொனற் சதுரமானது, ஆனால் பொனற்றை நம்புவதில்லை என்று சொல்லிவிட்டோம். பற்றரி இருக்கும் இடம் பரவாயில்லாத தடயம்: 135இல் ரேடியேற்றருக்கு முன்னால் மூக்குக்குள், 35இல் பொனற்றின் பின்பக்க மூடிக்குக் கீழே. அடுத்து வந்த 240உம் மூன்று சிலிண்டர்தான். பின் சில்லு அச்சின் முனையில் தனியாகப் பருத்த பற்சக்கரப் பெட்டி இருந்தால் அது 35, 135 வரிசை இல்லை. 65 அல்லது 165, எஞ்சின் நாலு சிலிண்டர்.

எஞ்சின் தகட்டில் சிம்சன் என்று இருந்தால் சென்னையில் செய்த எஞ்சின். அங்குள்ள டாஃபே நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து மசி வடிவத்தில் மெசின் செய்கிறது. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் சாமான் கேட்கும்போது எந்த நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லத்தான் வேண்டும்.

பேர்கின்ஸ் எஞ்சினின் இலக்கத்தைப் புளொக்கின் பக்கவாட்டில், மட்டமாக்கிய சிறு பரப்பில் தேடுங்கள். இரண்டு பக்கத்தையும் துப்புரவாக்கிப் பார்ப்பது நல்லது. 1974க்குப் பிறகு செய்ததென்றால் இலக்கமே கதை சொல்லும். முதல் இரண்டு எழுத்து எஞ்சின் குடும்பம், 3.152க்கு சி.ஈ. பிறகு ஐந்து இலக்கம், அது பாகப் பட்டியல் எண். பிறகு வரும் யூ இங்கிலாந்துத் தயாரிப்பு. அதன் பின் வரிசை எண், கடைசியில் ஆண்டு எழுத்து. ஏ 1974, பி 1975 என்று போய் எச் 1981. ஐ விடப்பட்டு ஜே 1982. நடுவிலுள்ள ஐந்து இலக்கம்தான் கடைக்காரருக்கு வேண்டியது. கிராங் பின்பக்க ஒயில் சீல் பழையதில் கயிறு வகை, பிந்தியதில் ரப்பர் உதட்டு வகை. ஒன்றுக்காக மற்றதை வாங்கினால் ஒயில் கிளச்சுக்குள் இறங்கும்.

நீல மெசின்கள்

போட் கம்பனியின் போட்சன் மேஜர் (1951 கடைசியிலிருந்து), பவர் மேஜர் (1958), சூப்பர் மேஜர் (1960) மூன்றும் நாலு சிலிண்டர், டீசலில் 100 மி.மீ. துளை (சிலிண்டரின் உள் விட்டம்), 115 மி.மீ. அடிப்பு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). முன் விளக்கு கிரிலுக்குள் பதிந்திருப்பதும் டிஸ்க் பிறேக்கும் சூப்பர் மேஜருக்கு உரியவை. வார்ப்பு இலக்கம் ஈ1ஏ என்று தொடங்கினால் மேஜர் குடும்பம், 957ஈ என்றால் போட்சனின் சிறிய மெசினான டெக்ஸ்ரா.

டெக்ஸ்ரா எஞ்சினும் பேர்கின்ஸ் செய்த மூன்று சிலிண்டர்தான், 35இன் தம்பிபோலத் தெரியும். ஏமாறாமல் இருக்க டீசல் பம்பைப் பாருங்கள். டெக்ஸ்ராவில் நீளமான சிம்ஸ் பம்ப், குழாய்கள் வரிசையாகப் புறப்படும். 35இல் உருண்டையான சி.ஏ.வி. பம்ப், குழாய்கள் வட்டமாகப் புறப்படும்.

1964க்குப் பிறகு வந்த போட் 2000, 3000 வகைகளில் வார்ப்பு இலக்கமே காலம் சொல்லும். முதலெழுத்து சி என்றால் அறுபதுகள், டி எழுபதுகள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் ஆண்டு. சி5 என்றால் 1965இல் வரைந்த பாகம். அது மெசின் செய்த ஆண்டல்ல. அதற்கு முந்தியது அல்ல என்று மட்டும் சொல்லும்.

அளவு எடுத்தல்

இலக்கம் எல்லாம் அழிந்திருந்தால் எஞ்சின் ஹெட் கழற்றும் நாளுக்குக் காத்திருந்து அளவெடுங்கள். சிலிண்டரின் மேல் விளிம்புக்கு அருகே, பிஸ்டன் வளையம் தொடாத ஒடுங்கிய பட்டையில் துளையை அளக்க வேண்டும், கீழே தேய்ந்திருக்கும். 91.4 மி.மீ. என்றால் 3.152 அல்லது சூப்பர் டெக்ஸ்ரா, 88.9 என்றால் சாதாரண டெக்ஸ்ரா, 84.1 என்றால் ஸ்ராண்டர்ட் 23சி. முக்கால் மி.மீ. கூடியிருந்தால் ஒருமுறை போர் பண்ணி, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கியிருக்கலாம். பிஸ்டன் தலையில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

போட் 2000க்கும் 3000க்கும் இந்த வழி பலிக்காது. இரண்டுக்கும் துளை 106.7தான். வேறுபாடு அடிப்பில்: 2000இல் 96.5, 3000இல் 106.7. பிஸ்டனை மேலுச்சியிலும் அடியிலும் நிறுத்தி, புளொக் மேற்பரப்பிலிருந்து ஆழத்தை அளந்து கழிக்க வேண்டும்.

சாமானும் புத்தகமும்

கடைக்கு அனுப்பும் செய்தியில் எஞ்சின் இலக்கம், தகட்டு இலக்கம், பம்ப் தகட்டின் இலக்கம் மூன்றும் தனித்தனிப் படமாகப் போகட்டும். பம்ப் தகட்டைப் பலரும் விட்டுவிடுவார்கள். எஞ்சினுக்கு உரிய பம்ப்தான் அதில் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய பாகத்தை அடிமட்டம் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்றும் சேர்த்தால் இன்னும் நல்லது.

பதிவுப் புத்தகத்தின் ஆண்டைப் பார்த்துச் சாமான் வாங்க வேண்டாம். பாவித்த நிலையில் வந்த மெசின் செய்யப்பட்டுப் பல வருடம் கழித்துப் பதிவாகியிருக்கலாம். வாங்கப்போகும் மெசின் என்றால் காசு கொடுக்கமுன் புத்தகத்தின் எஞ்சின் இலக்கத்தையும் சாசி இலக்கத்தையும் இரும்போடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாறியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தம் செய்ய விற்பவரே கையெழுத்தோடு வர வேண்டும் என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள இலக்கத்தைப் புளொக்கில் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று யாரும் சொன்னால் அந்த மெசினை விட்டுவிடுங்கள். அது குற்றம், அடித்த இடமும் கிரைண்டர் பட்ட பளபளப்பில் பார்த்த உடனே தெரியும்.